பேபி மேடம் போட்ட இரண்டு ஃபெயில்

வண்டியை முப்பதுக்கு மேல் ஓட்டக்கூடாது என்று ஒரு டிரைவரிடம் சொல்வது, பிரியாணிக் கடையில் உட்காரவைத்துத் தயிர்சாதம் போடுவதற்குச் சமம். எனக்கு அந்தக் கொடுமை கொஞ்ச காலமாகத் தினமும் நடக்கிறது. என் பெயர் பிரிட்டோ. பழைய பல்லாவரத்துக்காரன். சொந்த வண்டி. ஏர்போர்ட் சவாரி அடித்துக்கொண்டிருந்தவனை, செல்போன் டவர் வேலைகளை எடுத்துச் செய்யும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி மாத வாடகைக்குப் பிடித்துப் போட்டது. வேலைக்குப் பெயர் டிரைவ் டெஸ்ட். நாலைந்து போனையும் ஒரு லேப்டாப்பையும் வைத்துக்கொண்டு ஒரு இன்ஜினியர் வண்டியில் உட்காருவார். எந்தத் தெருவில் சிக்னல் எப்படி என்று அந்தப் போன்கள் தாமாகவே அளந்துகொண்டு வரும். நான் கல்யாண ஊர்வலம் மாதிரி உருட்டிக்கொண்டு போகவேண்டும். பின்னால் வருகிற ஷேர் ஆட்டோக்காரன் என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவான். நானும் சும்மா விடமாட்டேன்.

இந்த வண்டியில் எத்தனையோ இன்ஜினியர் பசங்கள் ஏறி இறங்கியிருக்கிறார்கள். காதில் ஒன்றைச் செருகிக்கொண்டு, தெருவை ஒரு தரம்கூட நிமிர்ந்து பார்க்காமல், சாயங்காலம் 'தேங்க்ஸ் அண்ணா' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள். அவர்களில் யாரைப் பற்றியும் பேச எனக்கு ஒன்றும் இல்லை. பேபி மேடத்தைப் பற்றிப் பேசாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

முதல் நாள் கேம்ப் ரோடு சிக்னல் அருகே ஏறினார். நாற்பதைத் தொடும் வயது, காட்டன் சேலை, முதுகில் லேப்டாப் பை, கையில் டிபன் கேரியர். யாரோ இன்ஜினியருடைய அம்மா, பிள்ளைக்குச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன். 

"இன்ஜினியர் வரலியாம்மா?" என்றேன்.

"வந்தாச்சு. நான்தான்."

"பேர் இன்னா மேடம்?"

"பேபி."

நான் கண்ணாடியில் ஒரு தரம் பார்த்தேன். சிரிப்பை அடக்கியது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சிரிச்சுடுங்க அண்ணா, அடக்கினா வயித்த வலிக்கும்," என்றார். "பேர் வச்சவரு போய்ச் சேர்ந்துட்டாரு. நான் இவ்ளோ பெருசா வளருவேன்னு அவரும் நினைக்கல."

அன்றைக்கே எனக்குப் பிடித்துப்போய்விட்டது. ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. டிரைவர் கொஞ்சம் முறைப்பாக இருந்தால்தான் மரியாதை.

பேபி மேடத்துக்குச் சொந்த ஊர் குன்றத்தூர். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்ததும், செல்போன் தயாரிக்கிற ஒரு ஃபேக்டரியில் வேலை. அங்கே ஆயிரக்கணக்கான போன்களுக்கு மூடி மாட்டினார். ஃபேக்டரி மூடிவிட்டது. பிறகு குரோம்பேட்டையில் ஒரு கஸ்டமர் கேர் ஆபீஸ். சிக்னல் இல்லை என்று கூப்பிடுகிறவர்களிடம் வசை வாங்குவதுதான் வேலை. 'சிரமத்துக்கு மன்னிக்கவும், போனை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்' என்று சொல்லவேண்டும். வேறு எதுவும் சொல்ல அனுமதி இல்லை.

"ஒருநாள் ஒரு பெரியவர் கேட்டாரு," என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "திட்டல அண்ணா. ரொம்பப் பொறுமையா, 'ஏம்மா, என் போனை அணைச்சு ஏத்துனா உங்க டவர் எப்படிம்மா கிட்ட வரும்?'னு கேட்டாரு. எனக்குப் பதில் தெரியல. அஞ்சு வருஷமா மன்னிப்புக் கேட்டுகினு இருக்கேன், எதுக்குன்னே தெரியாம. அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல."

நாமாக இருந்தால் மறுநாள் மறந்திருப்போம். பேபி மேடம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு டிரெய்னிங் சென்டரைத் தேடிப் போய்ச் சேர்ந்தார். ஷிஃப்ட் முடிந்ததும் நேராக அங்கே. கூடப் படித்ததெல்லாம் அப்போதுதான் காலேஜ் முடித்த பிள்ளைகள். முதல் வாரம் இவரை டீச்சர் என்று நினைத்து எழுந்து நின்றார்களாம். வீட்டுக்காரர் பொன்னுசாமி பல்லாவரத்தில் தோல் கம்பெனியில் வேலை. அந்த மாதங்களில் அவர்தான் சமையல். "அவர் வைக்கிற ரசத்தைக் குடிச்சா எவ்ளோ கஷ்டமான பாடமும் ஈஸியாத் தெரியும்," என்பார் பேபி மேடம். ஆனால் அந்த மனிதரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் முகம் மலர்ந்துவிடும்.

படித்து முடித்து எங்கள் கம்பெனிக்கு வந்தவர், படிப்பதை நிறுத்தவில்லை. என் வண்டியே அவருக்குக் காலேஜ் ஆகிவிட்டது. கற்றதை யாரிடமாவது சொல்லிப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. அகப்பட்டவன் நான்.

"பழைய டவர் டியூப் லைட் மாதிரி அண்ணா. எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சம். இந்த ஃபைவ் ஜி இருக்கே, டார்ச் லைட். யார் போன் பேசுறாங்களோ அவங்க மேல அடிக்கும். ஆனா சுவரைக் கண்டா பயந்துக்கும். அதனால எங்க நிக்க வைக்கிறோம், எந்தப் பக்கம் திருப்புறோம், எவ்ளோ குனிய வைக்கிறோம், எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்யணும்."

"அப்ப கம்ப்யூட்டர் பார்த்துக்காதா?"

"கம்ப்யூட்டருக்கு நாம சொன்ன ஊர்தான் தெரியும். ஊர் மாறிக்கினே இருக்கே."

மற்ற இன்ஜினியர்கள் லேப்டாப்பைப் பார்ப்பார்கள். இவர் ஜன்னலைப் பார்ப்பார். "அண்ணா, போன மாசம் இந்த ஃப்ளாட் இல்லியே?" என்பார். "இந்தக் கல்யாண மண்டபத்துல முகூர்த்த நாள்ல எத்தனை பேர் வீடியோ கால் போடுவாங்க?" என்பார். ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குள் கார் நுழைய முடியாது என்று நான் கையை விரித்தேன். மற்றவர்களாக இருந்தால் 'ரோடு பிளாக்' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். இவர் போன்களை ஒரு கூடையில் போட்டுக்கொண்டு இறங்கி, பழைய ஃபேன், நாய்க்குட்டி, செடி, கோழிக்குஞ்சு எல்லாவற்றுக்கும் நடுவே நடந்தே அளந்துவிட்டு வந்தார். ஒருவர் அந்தப் போன்களை விற்க வந்திருக்கிறார் என்று நினைத்து விலை கேட்டிருக்கிறார்.

அந்தச் சமயத்தில் கிண்டி ஆபீஸிலிருந்து ஒரு செய்தி வந்தது. டவர்களை எங்கே வைப்பது, எப்படி வைப்பது என்று திட்டம் போடுகிற டிசைன் பிரிவில் ஒரே ஒரு இடம் காலி. அதற்குத் தலைவி மெட்டில்டா மேடம். சர்வீஸில் பழுத்தவர், தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேசமாட்டார். மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து ஆளுக்கொரு பகுதி கொடுத்தார். அவரவர் போட்ட டிசைன் தரையில் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து ஒருவரை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மற்ற இருவரும் இருபத்துச் சொச்சம் வயதுப் பிள்ளைகள். இந்த வாய்ப்பை விட்டால் அவர்களுக்கு இன்னும் பத்து வாய்ப்பு வரும். பேபி மேடத்துக்கு வராது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவருக்குக் கிடைத்தது மாடம்பாக்கம். ஏரிக்கு மேற்கே ஒரு அடுக்குமாடி வீட்டின் மொட்டைமாடியில் புதிய ஃபைவ் ஜி டவர். அதற்கு மூன்று முகம், அதாவது மூன்று திசை பார்த்த ஆன்டெனா. ஒன்று பழைய சிவன் கோயில் பக்கம், ஒன்று மெயின் ரோட்டுப் பக்கம், ஒன்று ஏரிப் பக்கம். மெயின் ரோட்டு முகம் நிமிர்ந்து தூரம் பார்க்கவேண்டும். ஏரி முகம் தலையைக் குனிந்து, இந்தக் கரையில் இருக்கிற வீடுகளை மட்டும் பார்க்கவேண்டும். அந்தக் கரைக்கு வேறு டவர் இருக்கிறது. இதுதான் பேபி மேடம் போட்ட திட்டம். ஒவ்வொரு முகமும் எவ்வளவு குனியவேண்டும் என்பதை ஆபீஸிலிருந்தே கம்ப்யூட்டரில் கட்டளை போட்டு மாற்றலாம். டவர் ஏற்றிய அன்றைக்குச் சோதித்தபோது எல்லாம் கச்சிதமாக இருந்தது. மேடம் எனக்கு மசால்வடை வாங்கிக் கொடுத்தார்.

தீபாவளி முடிந்து, மழையும் பிடித்து ஓய்ந்த ஒரு காலையில் பகுதி முழுவதற்கும் இறுதி டெஸ்ட். இதில் பாஸ் என்று வந்தால்தான் டிசைன் பாஸ். கோயில் தெரு பச்சை, மெயின் ரோடு பச்சை. லேப்டாப் முழுக்கப் பச்சைக் கோடாக ஓடியது. ஏரிக்கு அந்தக் கரையில் கடைசித் தெருவுக்குள் திருப்பினேன். சிக்னல் கம்பிகள் எல்லாம் ஃபுல்லாக நின்றன. ஆனால் சோதனைக்காகப் போட்ட போன் கால் ஒவ்வொன்றாக அறுந்துபோனது.

வண்டியின் தலையில் இருக்கும் ஆன்டெனாவைப் பார்த்துவிட்டு, கடைசி வீட்டிலிருந்து ஒரு பெண்மணி வெளியே வந்தார். பெயர் சரோஜினி. பிளவுஸுக்கு ஆரி வேலை செய்கிறவர். ஆர்டர், அளவு, டிசைன் எல்லாம் போனில்தான் வரும்.

"நீங்கதான் டவர் ஆளுங்களா?" என்று ஆரம்பித்தார். "வாங்க, வாங்க. உங்களத்தான் தேடிகினு கீறேன். கம்பி ஃபுல்லா நிக்குது, கால் மட்டும் போவல. அந்தக் கம்பிய வெச்சிகினு நான் இன்னா, துணி காயப்போடவா? கஸ்டமரு கூப்புட்டா நான் தண்ணி டேங்க் மேல ஏறி நிக்கணும். வயசுக்கு வந்த பொண்ண வெச்சிகினு டேங்க் மேல நிக்கிறேன், தெருவே பாக்குது!"

என் பங்குக்கு நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பேபி மேடம் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். வண்டியை விட்டு இறங்கி, "எப்பத்துல இருந்துக்கா இப்படி?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. சரோஜினி அக்காவின் குரல் சட்டென்று இறங்கியது. "ஒரு மாசமாம்மா. அதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்துது."

பேபி மேடம் போனில் பிரசன்னாவைக் கூப்பிட்டார். பிரசன்னா எங்கள் டீம் லீடர். நல்ல பையன்தான், ஆனால் டார்கெட் என்கிற பேய் பிடித்தவன்.

"மேடம், அந்தக் கடைசி ஸ்ட்ரீட் ஒரே சகதி. ரூட்ல இருந்து எடுத்துடுங்க," என்றான். "எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க. மத்ததெல்லாம் கிரீன்தானே? பாஸ் போட்டு அனுப்பிடலாம்."

"ரூட்ல இருந்து எடுத்துடலாம் பிரசன்னா. ஊர்ல இருந்து எடுக்க முடியாதே," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வண்டியில் உட்கார்ந்து எனக்கு விளக்கினார். ஏரிக்கு எதிர்க்கரையில் இருக்கும் எங்கள் புது டவர் இங்கே வரை கேட்கிறது. டவருக்குப் பெரிய குரல், அது தண்ணீர்மேல் தங்குதடையில்லாமல் வந்துவிடும். போனுக்குச் சின்னக் குரல், அது திரும்பி அவ்வளவு தூரம் போகாது. பக்கத்திலேயே சொந்த டவர் இருக்க, போன் ஏரிக்கு அக்கரையில் கத்துகிறவனை நம்பி ஏமாறுகிறது.

"ஏன் மேடம் தாண்டி வருது? நீங்கதான் குனிய வெச்சீங்களே?"

அவர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். அவர் டிசைனுக்கு எடுத்துக்கொண்ட சாட்டிலைட் படத்தில் ஏரி இருந்த இடத்தில் பாதிக்குமேல் பச்சைப் புதர். கோடையில் எடுத்த படம். கம்ப்யூட்டர் அதைத் தரை என்று கணக்குப் போட்டிருக்கிறது. இப்போது எங்கள் முன்னால் ஏரி கரையைத் தொட்டுக்கொண்டு தளும்பியது.

"தண்ணிய நான் கணக்குல எடுக்கல அண்ணா. ஏரியப் பார்த்தே வளர்ந்தவ நான். நான் மறந்துட்டேன்."

அன்றைக்கு ரிப்போர்ட்டில் ஃபெயில் என்று போட்டார். காரணம், டிசைன் தவறு. தன் டிசைனுக்குத் தானே ஃபெயில். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் கியரை அடித்துப் போட்டேன். "உங்களுக்கு எதுக்கு மேடம் இந்த வேல? யாரு கேட்டா?" என்று கத்தினேன். அவர் இறங்கி, குன்றத்தூர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

ஆனால் மறுநாள் காலையில் டாணென்று வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. "அண்ணா, டவரைச் சுத்தி ஒரு ரவுண்டு போங்க," என்றார். "அந்த அக்கா ஒரு மாசமா இப்படின்னு சொன்னாங்க. ஏரி ரொம்புனது போன வாரம்தான். கணக்கு உதைக்குது."

போனேன். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு நம்பர் உண்டாம். எந்த முகத்திலிருந்து சிக்னல் வருகிறதோ, அந்த நம்பர் திரையில் தெரியும். கோயில் பக்கம் நிறுத்தினேன், சரியாக இருந்தது. மெயின் ரோட்டில் நிறுத்தினேன். மேடம் முன்னால் குனிந்தார். "இன்னொரு வாட்டி சுத்துங்க." சுற்றினேன். "இன்னும் ஒரே வாட்டி." எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. அவர் சத்தமாகச் சிரித்தார். இந்தம்மாவுக்குக் கவலையில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துவிட்டேன்.

"ஏரிக்கரையில நிக்கிறோம், போன் மெயின் ரோட்டு நம்பரக் காட்டுது. மெயின் ரோட்டுல ஏரி நம்பரக் காட்டுது. ரெண்டும் இடம் மாறியிருக்கு அண்ணா!"

ஃப்ளாட்டில் இரண்டு வீட்டு ஈபி மீட்டரை மாற்றி மாட்டிவிட்டால் நம் வீட்டு ஏசிக்குப் பக்கத்து வீட்டுக்காரன் பில் கட்டுவானே, அந்தக் கதை. மெயின் ரோட்டு முகத்துக்கு 'நிமிர்ந்து பார்' என்று கம்ப்யூட்டர் சொன்ன கட்டளை, ஏரி முகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதுவும் பாவம், சொன்னபடி நிமிர்ந்து ஏரியைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

டவர் ஏறுகிற குப்புராஜை வரவழைத்தார். பம்மல்காரன், கயிறு இல்லாமலே குரங்கு மாதிரி ஏறுவான், பயம் என்றால் என்னவென்று தெரியாது. மொட்டைமாடியில் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்தான். உள்ளே பார்த்துவிட்டு நான் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை. பெட்டி நெடுக விபூதிப் பட்டை. ஒவ்வொரு ஒயர் முனையிலும் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். ஒரு மூலையில் காய்ந்த எலுமிச்சம்பழம். எந்த ஒயர் எந்த முகத்துக்கு என்று எழுதி ஒட்டியிருந்த சீட்டுகளெல்லாம் சந்தனத்துக்கு அடியில் மறைந்துபோயிருந்தன.

"இன்னா குப்புராஜு இது?" என்றேன்.

"ஆயுத பூஜண்ணா," என்றான், அப்பாவியாக. "நமக்குச் சோறு போடுற மெசினு. கும்புடாம வுட்டா மனசு கேக்குமா? ஒயரெல்லாம் கயட்டி, நல்லா தொடச்சு, பொட்டு வெச்சு, திரும்ப மாட்டுனேன். எல்லா லைட்டும் பச்சையாத்தான் எரிஞ்சுது."

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. சர்ச்சுக்குப் போகிற நானே ஆயுத பூஜைக்கு என் வண்டிக்குச் சந்தனம் வைக்கிறவன். என்ன, நான் சக்கரத்தைக் கழற்றி மாற்றி மாட்டவில்லை, அவ்வளவுதான்.

"சாமி கும்பிட்டது தப்பில்ல குப்புராஜு," என்றார் பேபி மேடம். "கழட்டாம கும்பிட்டிருக்கலாம்." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குப்புராஜும் சிரித்தான். ஒயர்களை மாற்றிச் சரியாக மாட்டினான்.

பிரசன்னா செய்தி கேட்டுத் துள்ளிக் குதித்தான். 'டிசைனில் தவறில்லை, மாட்டியதில் தவறு' என்று அவனே எல்லோருக்கும் மெயில் தட்டிவிட்டான். பேபி மேடத்தின் பெயர் தப்பித்தது. அந்த மெயிலால் குப்புராஜை, விசாரணை முடிகிறவரை வேலைக்கு வராதே என்று சொல்லி வீட்டில் உட்காரவைத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து மறுபடி டெஸ்ட். கடைசித் தெருவுக்குள் போனோம். பச்சை. கால் அறுபடவில்லை. நான் ஸ்டியரிங்கில் தாளம் போட்டேன். சரோஜினி அக்கா வீட்டை நெருங்கினோம். ஏரியைப் பார்த்தபடி இருக்கும் கடைசி மூன்று வீடு. கால் அறுந்தது. பின்னால் எடுத்துத் திரும்பப் போனேன். மறுபடி அறுந்தது.

பிரசன்னா ஆபீஸிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தான். உடனே கூப்பிட்டான். "கங்கிராட்ஸ் மேடம்! பர்சன்டேஜ் தாண்டியாச்சு. பாஸ்!"

"கடைசி மூணு வீடு போகல பிரசன்னா."

"மேடம், மூணு வீட்டால ரிசல்ட் மாறாது. ரூல்படியே பாஸ்தான். நீங்க ஒண்ணுமே மறைக்கல."

அவன் சொன்னதில் பொய் இல்லை. விதிப்படி பாஸ்தான். பேபி மேடம் போனை மடியில் வைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்தபடி இருந்தார். ஒயர் மாறியது ஒரு பாதி. மீதிப் பாதி, அந்தத் தண்ணீர். முதல் நாள் அவர் சந்தேகப்பட்டது சரிதான். ஆனால் அது இப்போது அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. எல்லாப் பழியும் குப்புராஜ் தலையில் பத்திரமாக இருந்தது.

நானும் மனுஷன்தானே. என் மனதில் பட்டதைச் சொன்னேன். "மேடம், வாய மூடிகினு ஊட்டுக்குப் போங்க. ஒரே ஒரு சீட்டு கீது. இத்தினி வருசம் பட்ட பாடு போதாதா? அந்தக்கா டேங்க் மேல நின்னு பேசிக்கட்டும். நான் வேணா ஒரு நல்ல ஏணி வாங்கித் தரேன்."

அவர் சிரிக்கவில்லை. "குப்புராஜ் எதுக்கு அண்ணா வீட்ல உக்காந்திருக்கான்?"

"ஒயர மாத்துனதுக்கு."

"அந்த ஒயர் இப்ப சரியா இருக்கு. இந்த மூணு வீட்டுக்கு இன்னும் போன் வரல. அப்ப இது யார் தப்பு? பாவம் ஓரிடம், பழி ஓரிடமா? நான் பாஸ் போட்டுட்டா இந்த ஏரி ஒவ்வொரு மழைக்கும் ரொம்பும், ஒவ்வொரு மழைக்கும் இவங்க கம்ப்ளெயிண்ட் பண்ணுவாங்க. அங்க ஒருத்தி உக்காந்து போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னு சொல்லுவா. அந்தப் பொண்ணுக்கும் காரணம் தெரியாது."

அவர் லேப்டாப்பைத் திறந்து இரண்டாவது தடவையாக ஃபெயில் என்று போட்டார். தண்ணீரைக் கணக்கில் எடுக்காதது தன் தவறு, ஏரி முகம் இன்னும் எவ்வளவு குனியவேண்டும், குனிந்தால் டவர் இருக்கிற கரை வீடுகளுக்குப் பாதிப்பு வருகிறதா என்று எங்கெங்கே பார்க்கவேண்டும், எல்லாவற்றையும் எழுதி நேராக மெட்டில்டா மேடத்துக்கே அனுப்பினார். அனுப்புமுன் மூன்று தரம் படித்துப் பார்த்தார். பயமில்லாத ஆள் இல்லை அவர். பயந்துகொண்டே அனுப்பினார். இவ்வளவு நாள் இந்தம்மாவையா முப்பதில் உருட்டிக்கொண்டு போவதற்கு முணுமுணுத்தேன் என்று என்மேலேயே கோபம் வந்தது.

கிண்டியிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. ஏரி முகத்தை அவர் எழுதியபடியே குனியவைத்துவிட்டார்கள் என்று மட்டும் தெரிந்தது. பிரசன்னா முகம் கொடுத்துப் பேசவில்லை. "கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமப் பண்ணிக்கிட்டாங்க அண்ணா," என்று என்னிடம் புலம்பினான். அவனுக்கும் வருத்தம்தான். டிசைன் பிரிவு சீட் அந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்குத்தான் என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். பேபி மேடம் காதிலும் அது விழுந்தது. அவர் ஒன்றும் கேட்காத மாதிரி டவர் இருக்கிற கரை வீடுகள் ஒவ்வொன்றையும் நடந்தே அளந்துகொண்டிருந்தார். அங்கெல்லாம் குறை வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசித் தெருவுக்குப் போனோம். சரோஜினி அக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். சோதனைக் கால் போய்க்கொண்டே இருந்தது. அறுபடவில்லை. பேபி மேடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சரோஜினி அக்கா உள்ளே அடுப்படியில் நின்றபடியே யாரிடமோ போனில், "கை மூணு இஞ்சா, நாலு இஞ்சா? கரெக்டா சொல்லும்மா!" என்று கத்திக்கொண்டிருந்தார். பிறகு வெளியே வந்து, எங்கள் இருவருக்கும் காபி கொடுத்தார். போன வாரம் திட்டியதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

அப்போது பேபி மேடத்தின் சொந்த போன் அடித்தது. சார்ஜ் போடுவதற்காக அதை வண்டியோடு இணைத்திருந்ததால் சத்தம் வண்டி ஸ்பீக்கரில் வந்தது. மெட்டில்டா மேடம்.

"பேபி, ரெண்டாவது ஃபெயில் எதுக்குப் போட்டீங்க? பிரசன்னா மெயில்லயே எல்லாரும் திருப்தி ஆயிட்டாங்களே?"

பேபி மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மேடம், முதல் தப்பு குப்புராஜ் பண்ணது. ரெண்டாவது நான் பண்ணது. ரெண்டையும் அவன் தலையில கட்டினா எனக்கு சீட் கிடைக்கும். இந்த வீட்ல போன் வேலை செய்யாது மேடம்."

பதில் தெளிவாகக் கேட்கட்டும் என்று நான் இஞ்சினையே அணைத்துவிட்டேன்.

"இப்ப எங்க இருந்து பேசறீங்க?"

"அதே வீட்டு வாசல்ல இருந்து மேடம்."

"நீங்க பேசறது நல்லாக் கேக்குது," என்றார் மெட்டில்டா மேடம். பிறகு, எப்போதும் பேசுகிற அதே நிதானத்தில், "அந்த சீட் உங்களுக்குத்தான். திங்கட்கிழமை காலைல டிசைன் டீமுக்கு வந்துடுங்க. குப்புராஜையும் வேலைக்குக் கூப்பிடச் சொல்லிட்டேன்," என்றார்.

பேபி மேடம் டம்ளரை டாஷ்போர்டின் மேல் வைத்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது.

"மேடம்," என்றார் மெதுவாக. "இங்க சரியாக் கேக்கல மேடம். இன்னொரு வாட்டி சொல்றீங்களா?"

எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கணீரென்று கேட்டிருந்தது. ஜன்னலோரம் நின்றிருந்த சரோஜினி அக்காவுக்கும் கேட்டிருந்தது. நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை. மெட்டில்டா மேடம் முதலிலிருந்து இன்னொரு வாட்டி சொன்னார்.